கேக் மாஸ்டரின் சர்க்கரை

பேக்கரியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகக் கேக் சுட்டு, க்ரீம் பூசி, பிறந்தநாள்காரர்களின் பெயரை அதன்மேல் எழுதித் தருகிறவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோயாளியும்கூட. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் ஒரு துளி க்ரீமை நாக்கில் வைத்ததில்லை. ருசி பார்ப்பதை, பில் போடுகிற அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார். வீட்டில் அளந்த சாப்பாடு. அப்படியும் ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை ஏறியே நின்றது. ஒரு மாத்திரை நான்காயிற்று.

அவர் மனைவி துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். ஓடுகிற துணியில் ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் வந்து மோப்பம் பிடிப்பாள்.

"வெனிலா வாசனை தூக்குதே!"

"அது சட்டைலடி. சத்தியமா நான் வாயில வைக்கல."

"நாள் முழுக்கக் கேக்குக்கு நடுவுல நின்னுட்டு வாயில வைக்கலன்னா, யாரு நம்புவா?"

சர்க்கரையைவிட இந்தச் சந்தேகம்தான் அவரை அரித்தது.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய வேண்டி வந்தபோது, ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. பத்தொன்பது வயதில் லாரி மோதி, அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அப்போது வந்திருக்கலாம் என்றார் கல்லீரல் டாக்டரம்மா.

"என் கை பட்ட கேக்கை ஊரே சாப்பிடுதே, டாக்டர்!"

"சாப்பாட்டுல பரவாது, பயப்படாதீங்க. ரத்தத்தாலதான் பரவும். பன்னெண்டு வாரம் தினம் ஒரு மாத்திரை போடணும். சர்க்கரையை மட்டும் அடிக்கடி பாத்துக்குங்க, திடீர்னு குறையலாம்."

மனைவிக்கும் பரிசோதித்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. 'நம்ம சர்க்கரையாவது குறையறதாவது' என்று மாஸ்டர் டாக்டரம்மாவின் கடைசிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறாவது வாரம், ஒரு கேக்கில் 'வாழ்த்துகள்' என்று எழுதிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் எழுத்திலேயே கை உதறியது. வியர்த்துக் கொட்டியது. பில் போடுகிற அம்மா அவரை மாவு மூட்டைமேல் உட்கார்த்தி, அவர் பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது! சட்டென்று சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் தொண்டையில் இறங்கிய முதல் இனிப்பு அது.

மறுநாள் டாக்டரம்மா சர்க்கரை மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்தார்.

"அதே சாப்பாடு, அதே வேலை. எப்படிம்மா குறைஞ்சது?" என்று மனைவி கேட்டாள்.

"இந்தக் கிருமி கல்லீரல்ல இருக்கிற சில பேருக்கு, இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது. மாத்திரையை ஏத்திக்கிட்டே போனாலும் சர்க்கரை அடங்காது. கிருமி போகப் போக உடம்பு சொல் பேச்சு கேக்க ஆரம்பிக்குது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. சர்க்கரை வியாதியே போயிடும்னும் நினைச்சுடாதீங்க."

"அப்ப, இவர் திருட்டுத்தனமா எதுவும்..."

"அவர் மேல ஏம்மா பழி போடறீங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

திரும்புகையில் பஸ்ஸில் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பது வருஷமா உங்களை நோகடிச்சுட்டேங்க."

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"நீ கண்காணிச்சதாலதானே நான் ஒழுங்கா இருந்தேன்" என்றார். பச்சைப் பொய். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் கையைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் கிருமி இல்லை. குடலிறக்க அறுவையும் நல்லபடி முடிந்தது. நான்கு மாத்திரை ஒன்றானது. நடக்காவிட்டால் சர்க்கரை மறுபடி ஏறும் என்று டாக்டரம்மா சொன்னதால், இப்போது காலையில் இருவரும் நடக்கப் போகிறார்கள். அவள் விறுவிறுவென்று முன்னே போவாள். இவர் தெரிந்த முகத்தைக் கண்டால் நின்று பேச ஆரம்பித்துவிடுவார்.

"நடக்க வந்தீங்களா, நாயம் பேச வந்தீங்களா?" என்று தெருக்கோடியிலிருந்து குரல் வரும். "இதோ வந்துட்டேன்" என்று மாஸ்டர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவார்.