ருக்கு அக்கா வைத்திருந்த இங்கிலீஷ் அட்டைகள்

இதை யாரும் ஷேர் பண்ண வேண்டாம், ப்ளீஸ். ஸ்க்ரீன்ஷாட்கூட வேண்டாம். என் அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஐம்பதை நெருங்குகிறேன், ஆனாலும் இன்று ராத்திரி பிளஸ் டூ படித்த பெண்ணைப் போலத்தான் பயந்துகொண்டு எழுதுகிறேன்.

ருக்கு அக்கா போய்விட்டார். பட்டாபிராமில், மகள் வீட்டில். நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே கீரை விற்றவர். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது.

எங்கள் வீடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங், அப்புறம் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். நான் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, வெளியூர்ச் சட்டக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன்.

நுழைவுத் தேர்வில் இங்கிலீஷ் பகுதிதான் பயம். எதிர்ச்சொல், பொருத்தமான ஜோடி, பத்தியைப் படித்துப் பதில்... நான் தமிழ் மீடியம்.

சார்ட் பேப்பரை அட்டை அட்டையாக வெட்டி, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் எழுதினேன். வீட்டில் வைக்க முடியாது. தம்பி பார்த்தால் அப்பாவிடம் போய்விடும். அக்காதான் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் சாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருவேன். சொல் என் பக்கம் தெரிகிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பின்பக்கத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னாடி, கண்ணு மேல போவுது? தெர்லதான? தெர்லன்னு சொல்லேன், இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஒரு தடவைகூட அவர் கணிப்பு தப்பியதில்லை. தெரிந்தவை ஒரு கட்டு, தெரியாதவை ஒரு கட்டு. கீரை கட்டுகிற வாழைநாரிலேயே கட்டுவார்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா வந்துவிட்டார். நான் கீரைக்காரியோடு உட்கார்ந்திருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கட்டும் அக்கா மடியில் இருந்தன.

"யாரோடது இது?"

அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எந்துதான் சார்," என்றார் அக்கா. "நான்தான் இங்கிலீஷ் படிக்கிறேன்."

அப்பா ஓர் அட்டையை உருவி அவர் முன்னால் நீட்டினார். படி பார்க்கலாம் என்றார்.

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பாடம் இன்னும் வரல சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா இரண்டு கட்டையும் தண்டவாளத்தில் எறிந்தார். என் பெண்ணைக் கெடுக்கிறாயா என்று கத்தினார். இனி குவார்ட்டர்ஸ் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது என்றார்.

அது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... அப்பாவின் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அம்மா கடைத்தெருவிலிருந்து முளைக்கீரை வாங்கி வந்தார். வாழைநார்க் கட்டைப் பிரித்தால் உள்ளே என் அட்டைகள். மூலையெல்லாம் தண்டவாளத்துக் கிரீஸ் கறை. அம்மா அட்டைகளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கீரையை ஆய ஆரம்பித்தார்.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லி அம்மா என்னைத் தேர்வுக்குக் கூட்டிப்போனார். பாஸ் ஆனேன். இரண்டு நாள் பேசாமல் இருந்த அப்பா, மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தார்.

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்வார். "என் பொண்ணு யார் உதவியும் இல்லாம அவளே படிச்சு வந்தவ." நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் அக்காவிடம் யாரும் கீரை வாங்கவில்லை. அவர் கொரட்டூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வக்கீல் ஆன பிறகு ஒரே ஒரு முறை ரயிலில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "அத்த உடு. உங்கப்பா நல்லாக்கிறாரா?" என்றார்.

சாயங்காலம் ஃபோன் வந்தபோது அப்பா பக்கத்தில்தான் இருந்தார். யாரம்மா என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

போயிட்டு வாங்க அக்கா. காலையில் வந்துவிடுவேன். அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டு வருவேன் என்றுதான்...

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"இன்னும் தூங்கலியாம்மா? சாயங்காலம் யாரோ செத்துட்டாங்கன்னியே... யாரு அது?"

திறக்கப் போகிறேன்.