மாடு அவிழ்க்கும் நாளுக்கு ஓர் இயர்போன்

ஜல்லிக்கட்டில் மைக் பிடித்துப் பேசுகிறவன் நான். மற்ற நாட்களில் குளத்தூரில் ஒரு பெயிண்ட் கடையில் நிற்பேன். தை பிறந்துவிட்டால், சுத்துப்பட்டு ஊர்களில் எங்கே மாடு அவிழ்த்தாலும் வாடிவாசலை ஒட்டிய மேடையில் என்னைப் பார்க்கலாம். எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, பிடித்தால் அண்டாவா சைக்கிளா என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இன்றைக்கும் உண்டு.

போன வருஷம் அந்த நினைப்பில் மண் விழுந்தது, அதுவும் சொந்த ஊரில். மைக் செட்காரர் கண்மாய்ப் பொட்டலைச் சுற்றிப் பனைமரம் பனைமரமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார். நான் பேசியது அங்கே போய், கொஞ்சம் பிந்தி என் காதுக்கே திரும்பி வந்தது. நம் குரல் நமக்கே பிந்திக் கேட்டால் நாக்கு அதற்காகக் காத்து நிற்கும். எவ்வளவு பெரிய பேச்சாளனாக இருந்தாலும் இதுதான் கதி. நான் குழறினேன். அண்டா கொடுத்த புண்ணியவான் பெயரையே மூன்று தவணையில் சொன்னேன். கூட்டம் விசில் அடித்துச் சிரித்தது. பாதியிலேயே மைக்கை வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் விழாக் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்கே வந்தார். எனக்கு மாமா முறை.

"மாப்ள, மொத ரவுண்டு ஒனக்கு. மதுரைப் பக்கமிருந்து ஒருத்தரக் கூட்டியாந்து பக்கத்துல ஒக்கார வைக்கிறேன். நீ தடுமாறுனா மைக்கு அவருக்கு. கோவிச்சுக்காத."

"கோவமெல்லாம் இல்ல மாமா" என்றேன். உள்ளே கொதித்தது.

அப்போதுதான் கச்சேரிப் பாடகர்கள் காதுக்குள் மாட்டுகிற இன்-இயர் ஞாபகம் வந்தது. அது காதை அடைத்து வெளிச் சத்தத்தைத் தடுத்துவிடும். மைக் செட்டின் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்தால், நான் பேசுவது பிந்தாமல் எனக்குக் கேட்கும். மாட்டு விவரம் சொல்லும் கமிட்டிக்காரருக்கு இன்னொரு மைக் கொடுத்தால், அவர் குரலும் அதிலேயே வந்துவிடும். மைக் செட்காரர் முனகிக்கொண்டே சம்மதித்தார். பாடகர்கள் மாட்டுவதன் விலையைக் கேட்டேன், மரியாதையாக போனை வைத்துவிட்டேன். நம் கைக்கு எட்டுகிற விலையில் வருவதில்தான் தேட வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தான். எனக்கு மனப்பாடமான பாட்டுகளைப் போட்டுக் கேட்டேன். முதலாவது அடித்த கனத்த அடிச் சத்தத்தில் நெஞ்சே அதிர்ந்தது. "பேஸப் பாத்தியா?" என்று அவனே மெய்மறந்து நின்றான். இரண்டாவதில் பாட்டு தகர டப்பாவைத் தட்டுவதுபோல் மெலிசாகக் கேட்டது. "இத என் எதிரிக்குக்கூடக் குடுக்க மாட்டேன்டா" என்றேன். "எவனும் வாங்கல, சும்மா கொண்டு போ" என்று, நான் வாங்கிய முதலாவதோடு அதையும் பையில் போட்டான். வீட்டில் என் மனைவி அதை எடுத்து போனில் சீரியல் பார்க்க வைத்துக்கொண்டாள்.

மைக் செட்காரரின் சின்ன மிக்ஸரை இரவல் வாங்கி, சமையலறையிலேயே ஒத்திகையைத் தொடங்கினேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு ஈடாக மிக்ஸியை ஓட விட்டோம். பேஸ் இயர்போனை மாட்டிக்கொண்டு "வருது பார் காளை" என்றேன். தலையை அண்டாவுக்குள் விட்டுப் பேசியது மாதிரி கும்மென்று கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். மைக் செட்காரரை போனில் பிடித்து, ஓட்டை மிக்ஸரைக் கொடுத்துவிட்டதாகச் சண்டை போட்டேன். அவரும் விடவில்லை.

"தேங்கா சட்னிக்கு அரைக்கிறதா, ஒங்க காதுக்கு அரைக்கிறதா?" என்று மனைவி ஸ்விட்சில் கை வைத்தாள்.

"இரு. மிக்ஸர்தான் ஓட்டைன்னு நிரூபிக்கிறேன்" என்று அவள் காதிலிருந்த தகர டப்பா இயர்போனைப் பிடுங்கிச் செருகினேன். எதைச் செருகினாலும் இதே லட்சணம்தான் என்று அந்த மனுஷரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

பேசினேன். என் குரல் சுத்தமாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. மிக்ஸி ஓடுவதே தெரியவில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசினால் குரல் உள்ளேயே கும்முமல்லவா? பேசுகிறவனுக்கு வேண்டிய பேஸை அவன் மண்டையே கொடுத்துவிடுகிறது. இயர்போனும் தன் பங்குக்குக் கொடுத்தால் பேச்சு அதில் மூழ்கிப்போகும். பாட்டில் மெலிசாகக் கேட்டது, என் குரலோடு சேர்ந்ததும் நிறைவாகிவிட்டது. நான் யூடியூபில் பார்த்த விமர்சகர்கள் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எல்லோரும் பாட்டுக் கேட்டே மதிப்பெண் போடுகிறார்கள். நான் பேசிப் பார்த்து மதிப்பெண் போட்டேன், பெருமையாகவே சொல்கிறேன். பேஸ் இயர்போன் மனைவிக்குப் போனது. சீரியலில் இடி இடித்தால் பக்கத்து வீட்டிலேயே இடித்த மாதிரி இருக்கிறதாம்.

மைக் செட்காரரிடம் மன்னிப்புக் கேட்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

மாடு அவிழ்க்கும் நாளன்று மதுரைக்காரர் வெள்ளை வேட்டியோடு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் மாடு வெளியே பாய்ந்தது. "திமிலப் புடி தம்பி, வாலத் தொடாத... ஒரு சுத்து... ரெண்டு சுத்து... விட்டுட்டான்யா, மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரர் வந்து அண்டாவ வாங்கிக்கங்க!" நாக்கு எங்கும் நிற்கவில்லை. பனைமரத்துக் குழாய்கள் என்ன திருப்பிச் சொன்னாலும் எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் கூட்டத்தின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஆயிரம் வாய் திறந்திருக்கிறது, விரலை வாயில் வைத்து ஊதுகிறார்கள், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. போன வருஷமும் இப்படித்தான் ஊதினார்கள். இந்த ஊதல் எந்த ஊதல்? கழற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. மாட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன்.

முதல் ரவுண்டு முடிந்தது. மாமா மேடையேறி வந்தார். வாய் அசைந்தது, கை என் பக்கம் நீண்டது. மைக்கைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். கொடுக்க மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் காதிலிருந்ததை இழுத்தேன். வெளிச் சத்தம் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. பொட்டல் முழுக்கக் கைதட்டல். நாற்காலியில் மதுரைக்காரர் இல்லை. கீழே கம்பி வேலியோரம் நின்று அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு புதுத் துண்டை என் தோளில் போட்டார்.

"அவருக்குப் போட வாங்குன துண்டு மாப்ள. ஒனக்குப் போடச் சொல்லிட்டு அவருதான் எறங்கிப் போனாரு."