சம்பந்தி வீட்டு வண்டி

"வண்டி எப்படிப் போகுது சம்பந்தி?"

மடவார் வளாகம் கோயில் வாசலில் வைத்து என் சம்பந்தி கேட்டார். "பிரமாதமாப் போகுது. சத்தமே தெரியலை" என்றேன். சொல்லிவிட்டு, அவர் தெரு திரும்பும் வரை வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு ஸ்பீடு பிரேக்கர். அதில் ஏறி இறங்கினால் 'கடக்' என்று கேட்கும். அவர் காதில் விழுந்து தொலைத்தால்?

உங்களில் யாராவது சம்பந்தியிடம் பழைய கார் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், உங்களுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் ராஜபாளையம். என் ஒரே மகள் செல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர்தான்... ஆனால் வாயைத் திறந்தால் உத்தரவு மட்டும்தான் வரும். அவர் புது வண்டி ஒன்று வாங்கினார். பழைய எஸ்.யூ.வி. வாசலில் நின்றது.

"வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை. நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றார்.

பெண்ணைக் கொடுத்தவன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "சந்தோசம்" என்றேன்.

பழைய வண்டி வாங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும். பானெட்டைத் திறக்க வேண்டும், அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் போய் அடியில் படுக்க முடியுமா? காபி கொடுத்தார்கள், குடித்தேன். சம்பந்தியம்மா சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். டெஸ்ட் டிரைவ் அவ்வளவுதான்.

வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு மூன்று சத்தங்கள் அறிமுகமாகிவிட்டன.

முதலாவது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கீச். அதற்கு நான் பெரிதாகப் பயந்தேன். எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஹனீபா பாய் எட்டிப் பார்த்து, "பெல்ட்டு சார்" என்றார். மாற்றினார், போய்விட்டது. இரண்டாவது, வேகமெடுத்தால் ஒரு முனகல். டயர் என்று நினைத்து முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் மாற்றிப் போட்டோம். முனகல் இருந்த இடத்திலேயே இருந்தது. வீல் பேரிங். அதை மாற்றியதும் முனகலும் போனது.

மூன்றாவதுதான் இந்தக் 'கடக்'. முன்பக்கம், இடது வீல் பக்கம். ஸ்பீடு பிரேக்கரில் வரும். சில நாள் வராது. நான் தனியாகப் போனால் வரும், ஹனீபா பாய் ஏறி உட்கார்ந்தால் வாயைத் திறக்காது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளைகள் உண்டே... அந்த ரகம்.

அவரும் சளைக்கவில்லை. லிங்க் ராடை மாற்றினார். புஷ்ஷை மாற்றினார். ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வண்டி எங்கயோ அடி வாங்கிருக்கு சார். எதுல மோதுச்சு, எந்தப் பக்கம் மோதுச்சுன்னு தெரிஞ்சா நேரா அந்த எடத்தைப் பிரிச்சிருவேன். தெரியாமப் பிரிச்சா ஒன்னு போயி ஒன்னு இழுத்துக்கிட்டே போகும். பழைய ஓனருக்கு ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன். அதுவரைக்கும் குடும்பத்தை ஏத்திக்கிட்டு லாங் போயிராதீங்க."

ஒரு போன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

'சம்பந்தி, வண்டி எதிலாவது மோதியதா?' என்று கேட்டால் என்ன அர்த்தம்? 'அடிபட்ட வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்களே' என்று அர்த்தம். அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்த அரை மணி நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடும். அடுப்படியில் நிற்பது யார்? செல்வி.

அவளிடமே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். போனில் குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பா, வண்டியப் பத்தி ஒன்னும் கேட்றாதீங்க. இங்க மாமாவை யாரும் எதையும் கேக்குறதில்ல."

அதோடு விட்டுவிட்டேன். எந்தெந்த ரோட்டில் எங்கே ஸ்பீடு பிரேக்கர் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மனைவியும் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். "பாட்டைக் கூட்டி வச்சுக்கிடுங்க, கேக்காது." கேட்காமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று நம்புவது எங்கள் வீட்டு வழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் எங்கள் இரு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் காதுகுத்து. மாப்பிள்ளை புது வண்டியை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார். சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. "ஒங்க வண்டியிலேயே போயிருவோம்."

குடும்பத்தை ஏற்றாதீர்கள் என்று ஹனீபா பாய் சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? போய் ஏற்றிக்கொண்டேன். சம்பந்தி முன்னால், என் பக்கத்தில். பின்னால் என் மனைவி, சம்பந்தியம்மா, நடுவில் செல்வி. சாமி பாட்டைக் கூட்டி வைத்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் சம்பந்தி கையை நீட்டி அதை நிறுத்தினார். "தலை வலிக்கி" என்றார்.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் உருட்டிக்கொண்டு இறங்கினேன், தப்பித்தேன். இரண்டாவதை ஒரு லாரி மறைத்துவிட்டது.

கடக்.

நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போது பின்னால் இருந்து சம்பந்தியம்மா, வெகு சாதாரணமாக, "அந்தச் சத்தம் இன்னும் போகலையா?" என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, தென்னந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. அவர்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்ற பதற்றம்தான் வந்தது.

"எந்தச் சத்தம் மதினி? எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றேன். நன்றாகச் சிரிக்கவும் செய்தேன்.

"எனக்குக் கேக்குது" என்றாள் செல்வி.

என் மனைவி அவள் தொடையைக் கிள்ளியிருப்பாள் என்று நினைக்கிறேன். செல்வி நிறுத்தவில்லை. "மாமா, வண்டி எங்கயாவது மோதுச்சா? அப்பா பாவம், வாங்குனதுல இருந்து ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்குமா அலையுதாக."

அடுத்த ஊர் வந்த பிறகுதான் சம்பந்தி, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"செண்பகத்தோப்பு ரோட்டுல ஒரு காட்டுப்பன்னி குறுக்க விழுந்துச்சு. இடது பக்கம், அடியில அடிச்சது." கூடவே, "ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

"அதனால என்ன சம்பந்தி" என்று என் வாய் தானாகச் சொன்னது.

காதுகுத்து வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. பந்தியில் செல்வி பரிமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவளை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, கூடவே போய் அவளுக்காக இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று இருந்தது. சம்பந்தி வாசலில் நின்றார். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஹனீபா பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். முன் வீலைத் தாங்குகிற லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் இடம் லேசாக வளைந்து, போல்ட் ஆடிக்கொண்டிருந்ததாம். "நல்ல வேளை சார்" என்றார். அதற்கு மேல் நான் விவரம் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை.

சத்தமே இல்லாத வண்டியில் வீட்டுக்கு வந்து செல்விக்குப் போன் போட்டேன்.

"வீட்டுல எதுவும் சொன்னாகளாம்மா?"

"ஒன்னும் சொல்லலைப்பா. மாமா ரொம்பப் பேசலை. அத்தைதான் எனக்கும் சேத்துக் காபி போட்டாக."

"அப்படிக் கேட்டியே... உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒன்னும் கேக்கலைன்னு நீங்க சிரிச்சீங்க பாருங்க... அதைப் பாக்க முடியலைப்பா."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஹனீபா பாயிடம் கேட்க முடியாது.