விரலிடுக்கில் பிரிந்த தையல்

புதுக் கையுறையின் சுண்டுவிரல் ஓரத்தை ஊசி இழுத்துக் கட்டுகிறது. தையல் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். உள்ளே வந்தால் தழும்பை உரசும். நழுவுகிற ரப்பர்த் துணியைப் பிடித்திருக்கும் விரல்களில் இன்று வழக்கத்தைவிட அழுத்தம் அதிகம்.

தீக்காயப் பிரிவின் பின்னறையில், தழும்பை அமுக்கி வைக்கும் இந்த இறுக்க உறைகளைத் தைப்பவளை எல்லோரும் தையலக்கா என்பார்கள். எதிர் பெஞ்சில் ஒரு சலவைத் தொழிலாளி. துணி தேய்க்கும் இயந்திரத்தின் சூடான உருளையில் வலது கையைக் கொடுத்தவள். பக்கத்தில் அவள் புருஷன், பஸ் டிரைவர். போன முறை தைத்த உறை மேசைமேல் கிடந்தது, விரலிடுக்குகளில் பிளேடால் பிரிக்கப்பட்டு.

"எந்தப் புண்ணியவான் வேலை இது?"

"நான்தான்க்கா. இறுக்குதுன்னு அழுதா. காயந்தான் ஆறிடுச்சேன்னு..."

"ஆறிடுச்சா? கண்ணத் தொறந்து பாருங்க தம்பி. ரெண்டு விரலும் ஒட்டிக்கிட்டு வருது. வளர்ச்சிக் காரணின்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா? உடம்புலயே ஊறுறது. அது இல்லேன்னா புண்ணே மூடாது. ஆனா இவ கையில மூடின பிறகும் அது ஓயல. வீட்டக் கட்டி முடிச்ச கொத்தனார், போகாம வாசலையும் ஜன்னலையும் பூசி அடைச்சா எப்படி? உள்ள அதான் நடக்குது. இந்த இறுக்கம்தான் கொஞ்சமாவது அடக்கி வைக்கும்."

"அதை நிறுத்த ஊசி மருந்து ஒண்ணும் இல்லையாக்கா?"

"முழுசா நிறுத்த இன்னும் இல்லையாம். இருந்தா நான் ஏன் இங்க கண்ணு பூக்க நூல் கோக்குறேன்?"

தீயின் மேல்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் கிடையாது, பாவம் பார்ப்பவர்கள்மேல்தான். ஒரு மாமியார் கொதிநீரில் துவைத்து உறையைத் தொளதொளக்க வைப்பாள். ஓர் அம்மா, வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று கழற்றச் சொல்வாள். எல்லாம் பாசம். அந்தப் பாசத்துக்குப் பிள்ளைகள் மறுபடி அறுவை மேசையில் படுக்கிறார்கள்.

"விரல் திரும்ப விரியுமா?" என்றான் டிரைவர், மெல்ல.

"விடாம போட்டா தப்பிக்கலாம். இன்னொரு தடவை பிரிச்சீங்க, ஒட்டின தோல வெட்டித்தான் விரலப் பிரிக்கணும்."

காயப்பட்டவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அழுதேன், சரி. அவுக்கச் சொன்னேனா? நான் அழுதா பக்கத்துல உக்காரு. பிளேடைத் தேடாத."

தையலக்கா நூலைக் கத்தரித்து, உறையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். டிரைவர் கை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய், உறையை அந்தப் பெண்ணின் இடது கையில் வைத்தாள்.