ரேடியேட்டரில் ஊற்றிய தீர்த்தம்

அன்னமேரியின் காடி நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் பாதி, பினாங்குத் தீவைத் தாண்டாமலே ஓடியது. அப்படியென்றால் மீன் சந்தைக்கும் கோயிலுக்கும் அந்த மனுஷி எத்தனை தடவை போய் வந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது, நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவர். டெஸ்ட் வைக்கும் அதிகாரி வீட்டு நலம் விசாரிக்கும் அளவுக்குத் தோற்றுத் தோற்றுப் பழகிய பிறகுதான் பாஸ் ஆனார். கஷ்டப்பட்டு வாங்கிய சாவி. அதை யார் கையிலும் அவர் கொடுத்ததே இல்லை.

அந்தக் காடிதான் ஜூன் மாதம் ஒரு நாள் ஜெலுத்தோங் சாலையில் குப்பென்று ஆவி கக்கி நின்றுவிட்டது. பின்சீட்டில் கோயில் பாட்டுக் குழுப் பெண்கள் மூவர். அவர்கள் ஜெபமாலையை எடுத்தார்கள். அன்னமேரி போனை எடுத்தார்.

மெக்கானிக் ஜாஹிர் ஆள் அனுப்பிக் காடியைத் தன் வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனான். அன்னமேரியின் காடியைப் பல வருடமாகப் பார்க்கிறவன். எண்ணெய் மாற்ற விடுவார். ரேடியேட்டர் பக்கம் மட்டும் போக விடமாட்டார். “அதை நான் பாத்துக்கறேன் தம்பி” என்பார். ஏன் என்று அவனும் கேட்டதில்லை.

“அக்கா, ரெண்டு வழிதான்” என்றான் ஜாஹிர். “இதே எஞ்சினப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணலாம். இல்லன்னா ஹாஃப்கட் எஞ்சின் ஒன்னு தூக்கிப் போட்டுடலாம்.”

ஜப்பானில் ஓடிக் கழித்த காடியை நடுவில் அறுத்து, முன்பாதியைக் கப்பலேற்றிவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் ஹாஃப்கட். எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

“யாரோ ஒரு ஜப்பான்காரன் ஓட்டுனது. அவன் எப்படி ஓட்டுனானோ என்னவோ. இது நான் ஓட்டுன எஞ்சின் லா. பிரிச்சுப் பாரு” என்றார் அன்னமேரி.

அன்று மாலை கோலாலம்பூரிலிருந்து மகள் சோஃபியா போன் செய்தாள். அவளிடம் மூன்றாவது வழி ஒன்று தயாராக இருந்தது.

“மா, பேசாம வித்துடுங்க. அறுபது தாண்டிருச்சு. இப்பல்லாம் போன்ல தட்டுனா காடி வாசலுக்கே வருது.”

“வாசலுக்கு வர்ற காடி என் பேச்சக் கேக்குமா?”

“சரி, நான் ஜாஹிர் அண்ணன்கிட்டயே கேக்கறேன். வயசாகி எஞ்சின் போச்சுன்னா உங்க இஷ்டம். உங்க தப்பால போச்சுன்னா, சாவிய என்கிட்ட குடுத்துடணும். சரியா?”

“தாராளமா கேளு!” என்றார் அன்னமேரி. தன் ஓட்டத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள், பழைய எஞ்சினைப் பிரித்துப்பார் என்றும் சேர்த்திருக்கலாம். ஜாஹிர் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு அன்னமேரியைக் கூப்பிட்டு அனுப்பினான். தண்ணீர் ஓடும் துளைகளைக் காட்டினான். உள்ளே எல்லாம் துரு, மழைக்காலத்துச் சேறு போல அப்பிக் கிடந்தது.

“அக்கா, கூலன்ட்தானே ஊத்துறீங்க?”

“தண்ணி.”

“என்ன தண்ணி?”

அன்னமேரி சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். “தீர்த்தம்” என்றார்.

ஒவ்வொரு ஜூலையும், பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருநாள். ஊரே பாட்டிலில் தீர்த்தம் பிடித்தால், அன்னமேரி கேன் கேனாகப் பிடித்து வருவார். வீட்டுக்குப் போக மிச்சமெல்லாம் ரேடியேட்டருக்குத்தான். கடையில் கூலன்ட் என்று விற்கும் பச்சை நிறத் தண்ணீரை எந்தச் சாமியார் மந்திரித்தார் என்பது அவர் கேள்வி.

ஜாஹிர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “தீர்த்தத்து மேல ஒரு குறையும் இல்லக்கா. இரும்புக்கு எந்தத் தண்ணியும் ஒன்னுதான், துருப்பிடிச்சிரும். அதான் சூடேறி மேல்மூடி வளைஞ்சிருச்சு. அத நிமித்திரலாம். ஆனா அடியில உள்ள எஞ்சின் பிளாக்கே அரிச்சுப் போச்சு. இதுல ஓவர்ஹால் பண்ணா, காசும் போகும், திருநாளும் போகும். எஞ்சினும் மறுபடி போகும்.”

அன்னமேரிக்கு அழுகையே வந்துவிட்டது. பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைக்குத் தானே வினை வைத்தது போல இருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்து ஜாஹிரின் போன் அடித்தது. சோஃபியா.

தாயும் மகளும் போட்ட பந்தயம் ஜாஹிர் காதுக்கும் வந்திருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். “நாலு லட்சம் ஓடுன எஞ்சின், வயசாயிருச்சுன்னு சொல்லிடறேன்கா. பொய்யும் இல்லல்ல?”

சாவி அன்னமேரியின் உள்ளங்கையில் இருந்தது. ஒரு தலையாட்டு போதும், அது அங்கேயே இருந்துவிடும். ஆனால் மகளிடம் பொய் சொல்லிக் காப்பாற்றிய சாவியைப் போட்டுக் காடியைக் கிளப்ப அவருக்கு மனம் வரவில்லை. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“சோஃபியா, என் தப்புதான். கூலன்ட் ஊத்தாம வருஷக்கணக்கா அன்னம்மா தீர்த்தத்த ஊத்தி வந்திருக்கேன். ஓட்டுனதுல தப்பில்ல, ஊத்துனதுலதான் தப்பு. சாவிய வந்து வாங்கிக்க.”

 அன்னமேரி சாவியை ஜாஹிரின் மேசைமேல் வைத்தார்.

“மா…” என்றாள் சோஃபியா. “போன திருநாளுக்கு எனக்கு ரெண்டு பாட்டில் குடுத்தீங்களே.”

“ஆமா.”

“புதுக் காடி, நல்லா இருக்கட்டும்னு… நானும் ஊத்திட்டேன்மா.”

ஜாஹிர் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை!

“அண்ணே, சிரிக்காதீங்க! என் எஞ்சினும் போயிருமா?”

“ரெண்டு பாட்டில்தானே? கழுவி விட்டுடலாம், கொண்டு வாங்க.”

“அப்ப என் சாவி?” என்று கேட்டார் அன்னமேரி.

“எந்தச் சாவி?” என்றாள் மகள்.

மேசைமேல் இருந்த சாவி மறுநொடி அன்னமேரியின் கைப்பைக்குள் போய்விட்டது.

அந்த வாரமே ஜாஹிரோடு செபராங் ஜெயா பக்கம் ஒரு ஹாஃப்கட் கடைக்குப் போனார். ஒரு எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். நிறுத்தி ஆறவைத்து, மூடியைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை.

“ஜப்பான்காரன் ஒழுங்காத்தான் இருந்திருக்கான்” என்று ஒப்புக்கொண்டார். “இதையே போடு தம்பி.”

எஞ்சின் ஏறியது. புது எஞ்சின் நம்பரைப் பதிகிற வேலையும் முடிந்தது. ரேடியேட்டரில் பச்சை நிறக் கூலன்ட் போவதை அன்னமேரி பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தீர்த்தத்த ஊத்த வேற எடமே இல்லையா?”

ஜாஹிர் யோசித்தான். “முன்கண்ணாடி கழுவுற வைப்பர் டேங்க்ல ஊத்திக்குங்க. அங்க ஒன்னும் ஆகாது.”

திருநாளுக்குச் சோஃபியா வந்தாள். அவள் காடி ஜாஹிரிடம் கழுவலில் கிடந்தது. ஆகவே தாய் ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். போகும் வழியெல்லாம் இல்லாத பிரேக்கை அவள் காலால் மிதித்துக்கொண்டே வந்ததை அன்னமேரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். தீர்த்தம் பிடித்து, டேங்கை நிரப்பித் திரும்பும்போது, பாலத்தின் நடுவில் ஒரு லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அன்னமேரி பித்தானை அழுத்தினார். கண்ணாடியெங்கும் தீர்த்தம் பீச்சியடித்தது. சோஃபியாவின் கை தன்னாலே நெற்றிக்குப் போனது.

அன்னமேரி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார்.

“எனக்கும் சேத்து சிலுவை போடு” என்றார். “நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”