மாடத்தியின் கால் பெருவிரல்

மருமகள் வேலுத்தாய் மாமியாருக்கென்று தனித் தட்டும் தம்ளரும் எடுத்து வைத்த அன்றுதான் மாடத்திக்குச் சந்தேகம் உறுதியானது. தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

அது 1988. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிப் பட்டறையில் வெகுகாலம் தறி ஓட்டிவிட்டு, அறுபத்தெட்டு வயதில் மகன் சோலைராஜ் வீட்டோடு இருந்தாள் மாடத்தி. யாரையும் லேசில் நம்பமாட்டாள். தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காய் வாங்குவாள்.

அவளுடைய வலது கால் பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. குழவி விழுந்து ரத்தம் கட்டியதாக அவளே முடிவு செய்துகொண்டாள். மருந்துக்கடையில் நகச்சொத்தை என்று களிம்பு கொடுத்தார்கள். கோடு மறையவில்லை. அகலமாகி, நகத்தைப் பிளந்து, நீர் கசிய ஆரம்பித்த பிறகுதான் சோலைராஜ் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, தோல் டாக்டர் ஸாவித்ரியிடம் கூட்டிப் போனான்.

டாக்டர் நகத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த தோலையே பார்த்தார். அங்கேயும் மை தடவினாற்போல் கறுப்பு படர்ந்திருந்தது. பிறகு தொடை இடுக்கில் அமுக்கிப் பார்த்தார்.

"விரலக் காட்டத்தான வந்தேன். அங்க எதுக்கு அமுக்குதிய?" என்றாள் மாடத்தி.

"நெறி கட்டியிருக்கான்னு பாக்குறேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தடியிலிருந்து துளிச் சதை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்தபோது சோலைராஜ் மட்டும் போய் வந்தான். "சாதாரணப் புண்ணுதாம்மா. சின்னதா ஒரு ஆபரேஷன்" என்றான், முகத்தைப் பாராமல். அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. ஓயாமல் எதிர்த்துப் பேசும் வேலுத்தாய் வாய் திறக்கவில்லை. கேட்காமலே கறிக்குழம்பு வந்தது. மாடத்தி உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. பிறகு அந்தத் தனித் தட்டு. குஷ்டமாக இருக்குமோ?

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

"எனக்குக் குஷ்டமா டாக்டரம்மா? என் மவன் பொய் சொல்லுதான். நீங்களும் சொன்னா, விரலத் தொடவே விடமாட்டேன்."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் கெஞ்சினார்."

"விரலு என்னுதா, அவனுதா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "குஷ்டமில்லம்மா. புற்றுநோய். தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லுல வர்றது. நம்ம பக்கம் அபூர்வம். வந்தா வயசானவங்களுக்கு உள்ளங்கால்லயோ நகத்துலயோதான் அதிகம் வரும்."

மாடத்தி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "தொத்துமா?"

"தொத்தவே தொத்தாது."

"வெட்டுனா போயிருமா?"

"போகலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இப்ப நெறி எதுவும் தட்டுப்படல, அது நல்லது. தள்ளிப்போட்டா உள்ளுக்குப் பரவிரும்."

உறுதியாகச் சொல்ல முடியாது என்ற அந்தச் சொல்தான் அவளை நம்பவைத்தது. பொய் சொல்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார்.

"சரி, வெட்டிருங்க. இனி எதுன்னாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும். பொறவுதான் அவன்கிட்ட."

வீட்டுக்கு வந்ததும் தம்ளரை வேலுத்தாய் முன்னால் வைத்தாள். "ஏட்டி, இது தொத்துத நோவு இல்ல. கேட்டுட்டு வாரேன்."

வேலுத்தாய் அழுதுவிட்டாள். "பிள்ளைகள நெனச்சுப் பயந்துட்டேன் அத்தை."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா? சோத்தப் போடு, பசிக்குது."

மதுரையில் விரலை எடுத்தார்கள். செருப்பு நழுவாமல் நடக்கப் பழகச் சில மாதங்களாயின. குளிக்கும்போதெல்லாம் தொடை இடுக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். மூன்றாம் வருடம் அங்கே சுண்டைக்காய் அளவில் நெறி ஒன்று தட்டுப்பட்டது. ஈரச் சேலையோடு வந்து மகனைக் கூப்பிட்டு, கிளம்பச் சொன்னாள். அதையும் எடுத்தார்கள். பிறகு இரண்டு வருடம் சண்டையும் சச்சரவுமாக நன்றாகவே இருந்தாள்.

1993-இல் விடாத இருமல் வந்தது. எக்ஸ்ரே படத்தில் நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பதைப் பார்த்த டாக்டர் ஸாவித்ரி, சோலைராஜை வெளியே உட்காரவைத்துவிட்டு மாடத்தியிடம் பேசினார். வெளியே வந்து மகனிடம் அவளேதான் சொன்னாள்.