மைசூர் ஸ்டேஷனில் அவர் பேசியது

எங்கள் வீட்டுக் கூடத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு படங்கள் இருந்தன. கிழக்குச் சுவரில் மகாராஜா. சமஸ்தான மின்சார இலாகாவில் தெருவிளக்குப் பிரிவுக் குமாஸ்தாவின் வீட்டில் அது இல்லாமல் இருக்க முடியாது, மாட்டியவன் நான். மேற்குச் சுவரில் தேசத் தலைவர். பத்திரிகையிலிருந்து வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவள் என் மனைவி. ஆணியைச் சரியாக அடிக்காததால் அந்தப் படம் தினமும் இடப்பக்கம் கொஞ்சம் சாயும். சாய்ந்த படத்துக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது. எழுந்துபோய் நேராக்குவேன்.

"பாருங்கோ, உங்களுக்கும் அவர்கிட்ட பக்தி வந்துடுத்து" என்பாள்.

பக்தி இல்லை. பொறாமை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. எங்கோ வடக்கே இருக்கும் ஒரு பெரிய மனிதர், அக்ரஹாரத்துச் சந்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் என்னோடு போட்டிக்கு வரவில்லைதான். ஆனால் அவர் பல் வலியால் ஒரு கூட்டத்தை ரத்து செய்தார் என்று பத்திரிகையில் வந்தபோது என் மனைவி இரண்டு நாள் முகம் வாடி இருந்தாள். அதே மாதத்தில் எனக்குப் பல் வலி வந்தபோது, "கிராம்பு அஞ்சறைப்பெட்டியில இருக்கு" என்றாள்.

அவள் ராட்டை சுற்றுவாள். சமையல் முடிந்து, விளக்கு வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம். அந்த நூலில் எனக்கு ஒரு துண்டு நெய்யக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆபீஸுக்கு ஜரிகைத் தலைப்பாகையும் மூடிய கோட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டியவன் நான். கதர் உடுத்த முடியாது. வீட்டிலாவது தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை. "அடுத்த நூல் உங்களுக்குத்தான்" என்பாள். அந்த அடுத்த நூல் ஒரு தடவை மாலையாகி மேற்குச் சுவர்ப் படத்தில் ஏறியது. அதன் கனத்தில் படம் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது.

எங்களோடு அவள் தம்பியும் இருந்தான். பி.ஏ. படித்துவிட்டு ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தான். மைசூருக்குப் பொறுப்பாட்சி, அதாவது ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் மந்திரிசபை, வேண்டும் என்று கேட்டு, தடையை மீறிக் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் போனான். ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். வெளித் தலைவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமஸ்தானத்து ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பம்பாயில் ஒருவன் கைதானால் தலைவர்களின் அறிக்கை வரும். எங்கள் ஊரில் ஒருவன் கைதானால் பொறுமையாக இருக்கச் சொல்லிப் புத்திமதி வரும். இதைப் படித்துக் காட்டினால் மனைவி, "அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா சும்மா இருப்பாரா?" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மைசூருக்கு வரப்போகிறார் என்று செய்தி வந்தது. சிறையில் தம்பியைப் பார்க்கப் போயிருந்தோம். அவன் மெலிந்திருந்தான். ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு.

"அக்கா, அவர் வராராமே! இங்க எல்லாரும் அதையேதான் பேசிண்டிருக்கோம். எங்களை விடுவிக்க வேண்டாம். மேடையில எங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். மீதி நாளை நின்னுண்டே கழிச்சுடுவோம்."

"சொல்லுவார்டா. கட்டாயம் சொல்லுவார்" என்றாள் அவள்.

அந்த வாரத்திலேயே கைதிகளையெல்லாம் பெங்களூர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு விடுதலை வரைக்கும் நாங்கள் அவனைப் பார்க்க முடியவில்லை.

தலைவர் வந்தார். சமஸ்தானத்தின் விருந்தாளியாக, சமஸ்தானத்தின் காரில், சமஸ்தானத்தின் விருந்தினர் மாளிகைக்குப் போனார். மாலையில் மைதானத்தில் கூட்டம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் போகக் கூடாது என்று ஆபீஸில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் ஜரிகைத் தலைப்பாகைகளைத்தான் போலீஸ்காரர்கள் முதலில் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தேவராஜ மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் வெற்றிலைக் கடையில் என் தலைப்பாகையைக் கழற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர். நிலத்தைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே கடை வைத்தவர்.

"குடுங்க சாமி. ஆபீசே கைக்கு வந்த மாதிரி இருக்குது" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வெத்தலை மேல வெக்கமாட்டேன், ஈரமாயிரும். நமக்குத்தான் கடையை உட்டுட்டு வரமுடியலீங்க. என்ன பேசுனாருன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லோணும்."

வெறுந்தலையோடு, ஏதோ சட்டை இல்லாமல் தெருவில் நிற்பதுபோல் கூசிக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். பெண்கள் வரிசையாகப் போய்ச் சொந்தக் கையால் நூற்ற நூல் மாலைகளை அவருக்குப் போட்டார்கள். என் மனைவி முறை வந்தது. அவர் தலையைக் குனிந்தார். அவள் போட்டாள். தலையை நிமிர்த்துவதற்குள் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் ஒரு குவியல், அவளுக்குப் பின்னால் இன்னும் ஐம்பது பேர். பார்க்க நேரமில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மூன்று வருஷமாக எனக்கு வராத நூல் அது. வழக்கப்படி மாலைகளை அங்கேயே நிதிக்காக ஏலம் போட்டார்கள். அவளுடையதை ஒரு பட்டு வியாபாரி எடுத்துப் பக்கத்திலிருந்த பையன் கையில் திணித்தார்.

பிறகு தலைவர் பேசினார். அவர் இந்தியில் ஒரு வாக்கியம் சொல்ல, ஒருவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். ஒழுக்கம், சுத்தம், ஒற்றுமை, கைத்தொழில். மைசூரைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சாலைகள் நன்றாக இருக்கின்றனவாம். விளக்குகள் மிக அழகாக இருக்கின்றனவாம். சிறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வாக்கியத்தில் வரும், அடுத்த வாக்கியத்தில் வரும் என்று காத்திருந்தேன். பெண்கள் பக்கத்தில் என் மனைவியும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது தெரிந்தது. நமஸ்காரம் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் தலைப்பாகையை வாங்கிக்கொண்டேன்.

"என்னங்க சாமி பேசுனாரு?"

"ரோடு நன்றாக இருக்கிறதாம்."

"அது நமக்கே தெரியுமுங்களே" என்றார் கடைக்காரர், ஏமாற்றத்தோடு.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். இப்போது கோபம் வரும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகக் காத்திருந்தேன். கறிகாய் வாங்கப் போய்க் கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்தால் என்னைப் பிடித்துக்கொள்கிறாளே, அந்தக் கோபத்தில் கால் பங்கு, ஒரே ஒரு தடவை, மேற்குச் சுவரைப் பார்த்து வர வேண்டும். அவள் சொன்னது இது:

"உங்க விளக்கைப் பத்தி எவ்வளவு நன்னாச் சொன்னார், கேட்டேளா?"

"என் விளக்கு கண்ணில் பட்டது. உன் தம்பி படவில்லை."

"ஒரு மனுஷர் எத்தனை ஊரைத்தான் ஞாபகம் வெச்சுப்பார்?"

மறுநாள் மாலை அவர் ரயிலேறினார். கூட்டம் நெருக்கும் என்பதால் ஸ்டேஷனில் கூடுதல் விளக்குகள் போட எங்கள் பிரிவுக்கு உத்தரவு. மேற்பார்வைக்கு நான் போனேன். தலைப்பாகையோடுதான், இது உத்தியோகம். பிளாட்பாரத்தின் கோடியில் அவருடைய பெட்டி நின்றது. எங்கள் விளக்குக் கம்பம் ஒன்று அதன் ஜன்னலுக்கு நேரே இருந்தது. உள்ளூர்ப் பிரமுகர்கள் விடைபெற்றுக்கொண்டு நகர்ந்ததும், நானும் ஜன்னலும்தான் மீதி. ஒரு போலீஸ் அதிகாரி கொஞ்ச தூரத்தில் நின்றார். அருகே போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் மைத்துனனும் இந்த ஊர்ப் பிள்ளைகளும் சிறையில் இருக்கிறார்கள், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன்.

அவர் கையில் பாதி உரித்த ஆரஞ்சு இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கம்பத்தைக் காட்டி, இந்த விளக்கை அணைக்க முடியுமா, கண் கூசுகிறது என்றார்.

அணைத்தேன்.

இதை ஒரு எழுத்து விடாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் கண் நிறைந்தது. ஆகட்டும், இப்போதாவது என்று நினைத்தேன்.

"பாவம்! எத்தனை நாளாத் தூங்கலையோ" என்றாள்.

தம்பி விடுதலையாகிப் பெங்களூர் வண்டியில் வந்து இறங்கியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. மனைவி அவனுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விட்டாள். எங்கள் இருவருக்கும் இலை போட்டாள். அவன் ரசத்துக்கு வந்த பிறகுதான் கேட்டான்; அதுவரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அக்கா, அவர் எங்களைப் பத்தி என்ன சொன்னார்? உள்ள ஒரு பத்திரிகையும் குடுக்கலை. வார்டர்கிட்டக் கேட்டா சிரிக்கிறான். தினம் ராத்திரி ஒருத்தருக்கொருத்தர் ஊகிச்சு ஊகிச்சுச் சொல்லிப்போம், இப்படிச் சொல்லியிருப்பார், அப்படிச் சொல்லியிருப்பார்னு."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மாதக்கணக்கில் நான் காத்திருந்த இடம் அது. ஒன்றும் சொல்லவில்லை, விளக்கை அணைக்கச் சொன்னார் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். எதையும் நடந்தபடி சொல்பவன் என்றுதான் எனக்கு ஆபீஸிலும் பெயர். நான் மோரை இலையில் விட்டுக்கொண்டு, "பேசினார்" என்றேன்.

"மேடையிலயா?"

"மேடையில் இல்லை. போலீஸ் கெடுபிடி. ஸ்டேஷனில், வண்டி கிளம்புவதற்கு முன்னால். நான் விளக்கு வேலையாகப் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிஷம் உங்களைப் பற்றித்தான் பேசினார்."

"என்ன சொன்னார், அத்திம்பேர்?"

"நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம், எங்களுக்கு மாலை போடுகிறார்கள். பேசாமல் உள்ளே இருக்கிறார்களே அந்தப் பிள்ளைகள், வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான். அந்த மாலையெல்லாம் அவர்களுக்குச் சேர வேண்டியது என்றார்."

தம்பி சாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. அவன் தோள் குலுங்கியது. பிறகு இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு, மேற்குச் சுவருக்கு எதிரே போய் நின்றான்.

"பாத்தியா அக்கா! நீ அன்னிக்கே சொன்னியே!"

அன்று மாலை ராட்டைக்கு முன் உட்கார்ந்தவள் சக்கரத்தைச் சுற்றாமல், "பத்து நிமிஷம் ஜாஸ்தி. அஞ்சுன்னு சொல்லியிருக்கலாம். வண்டி நிக்கணுமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை.

தம்பி அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. சிறையில் கூட இருந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவர்கள் தங்கள் வீடுகளில் சொன்னார்கள். ஒரு மாதம் ஆகியிருக்கும். கறிகாய்ப் பையோடு வெற்றிலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கமான வரவேற்பு இல்லாமல் முறைத்தார்.

"ஏனுங்க சாமி, இது நாயமுங்களா? டேசன்ல அவரு அவ்வளவு பேசியிருக்காரு. பக்கத்துலயே நின்னு கேட்டுப்போட்டு, எங்கிட்ட ரோடு நல்லா இருக்குதுன்னு சொன்னதோட உட்டுட்டீங்களே!"

"என்ன பேசினாராம்?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்!" அவர் தண்ணீர் தெளித்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். என் வார்த்தைகள் எல்லாம் இருந்தன. கூடவே தலைவர் கண்ணீர் விட்டிருந்தார். தம் கழுத்து மாலையைக் கழற்றிப் பெங்களூர்ச் சிறை இருக்கும் திசையில் வீசியிருந்தார். பக்கத்துப் பூக்கடைக்காரர் தொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வேலை செய்யறவங்க அவங்கதான்! எப்படிப்பட்ட வார்த்தைங்க சாமி! இதெல்லாம் அவருக்கல்லாம வேற யாருக்கு வாயில வரும்?"

என் நாக்கு நுனிவரை வந்தது. தலைப்பாகையைச் சரி செய்துகொண்டேன். "யாருக்கும் வராது" என்றேன். கவுளி வெற்றிலையை அவர் காசு வாங்காமல் கொடுக்கப் பார்த்தார், அந்தப் பேச்சைக் காதால் கேட்டவன் என்பதற்காக. காசை வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் வயிறு எரிந்தது. அந்த மனிதர் என் வீட்டில் என் மனைவியின் நூலை வாங்கிக்கொண்டார், மைத்துனனின் கண்ணீரை வாங்கிக்கொண்டார். இப்போது நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல வாக்கியத்தையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

வீட்டில் தம்பி இல்லை. மனைவி நூற்றுக்கொண்டிருந்தாள். கடையில் நடந்ததைச் சொன்னேன். மாலை பறந்ததையும் சொன்னேன். அவள் இழையை விடாமல் கேட்டாள்.

"மாலையெல்லாம் அவாளுக்குச் சேரணும்னு நீங்க சேத்தேளே, அது எதுக்கு? அவரா இருந்தா 'வேலை செய்யறவா அவாதான்', அதோட நிறுத்தியிருப்பார்" என்றாள். "உங்களுக்கு எதையும் நீட்டணும்."

சொல்லாத ஒன்றைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார் என்றால் இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? கோட்டைக் கழற்றினேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டுப் பையை இழுத்து, கத்தரிக்காயையும் அவரையையும் எடுத்துக் கீழே வைத்தாள். பையைக் கவிழ்த்து உதறினாள்.

"கொத்தமல்லி எங்கே?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தேவராஜ மார்க்கெட் வரைக்கும் போய், ஊர்க்கதையெல்லாம் கேட்டுண்டு, ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கத் தெரியலை. காலம்பற ரெண்டு தடவை சொன்னேனே. எங்கே இருந்தது புத்தி?"

விடவில்லை. அடுப்பு மூட்டும்போதும் சொன்னாள், இலை போடும்போதும் சொன்னாள். நான் இலைக்கு முன் உட்கார்ந்தேன். எதிரே மேற்குச் சுவரில் அவர் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தார். அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை. அப்படியே சாப்பிட்டேன்.